நல்

தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் மதிப்பே இல்லை என்பதற்கான குறி. தமிழில் எழுதும்போது 'நல்ல' என்பதன் உறவுபோலத் தெரியும், உறவில்லை. லத்தீனில் 'நே' என்றால் இல்லை, 'உல்லுஸ்' என்றால் ஏதேனும் ஒன்று. இவை சேர்ந்த 'நுல்லுஸ்' என்பதே இதன் மூலம்.

நல் வேறு, பூஜ்யம் வேறு. மூன்று மாணவரில் இருவர் 80, 60 வாங்க, ஒருவர் தேர்வுக்கே வரவில்லை. அவருக்கு நல் போட்டால், தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் அவரை விட்டுவிட்டுச் சராசரி 70 என்னும். 0 போட்டால் 46.67. நல்லும் நல்லும் சமமா என்று கேட்டால் 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. தெரியாத இரண்டை எப்படி ஒப்பிடுவது? உறவுசார் தரவுத்தள மாதிரியை வகுத்த எட்கர் காட், தம் 1990-ஆம் ஆண்டு நூலில் நல்லையே இரண்டாகப் பிரித்தார்: இருந்தும் தெரியாதது, பொருந்தவே பொருந்தாதது. மணமாகாதவரின் துணைவர் பெயர் இரண்டாம் வகை.

நல்லுக்கு இடம் தராமல், பிறந்த தேதி இல்லாவிட்டால் படிவம் நகராது என்றால், தட்டச்சு செய்பவர் 01-01-1900 என்று அடித்துவிட்டுப் போவார். விடுபட்ட தரவு அந்த நொடியே பிழையான தரவாகிவிடுகிறது. நல்லை ஒரே வரியில் தேடி எடுக்கலாம். பொய்த் தேதி நிஜத்தேதிபோலவே உட்கார்ந்திருக்கும். படிவம் வடிவமைப்பவர்களே, கட்டாயக் கட்டங்களைக் குறையுங்கள்.