களவும் காவலும் விளைவும்

கணினி விளையாட்டுகளுள் ஒரு வகை உண்டு. அதில் வென்றே தீரவேண்டிய எதிரி இல்லை. முடித்தாக வேண்டிய கதையும் இல்லை. பரந்த நிலம் ஒன்று தரப்படும். ஆயிரக்கணக்கானோர் இணையத்தின் வழியே அதனுள் வருவர். வீடு கட்டுவர், பயிரிடுவர், வணிகம் செய்வர். குழந்தைகள் மணலைக் குவித்து விளையாடும் பெட்டியை ஒத்திருப்பதால் இவற்றுக்கு 'சாண்ட்பாக்ஸ்' விளையாட்டு என்று பெயர். பிறர் பல வாரங்கள் உழைத்துக் கட்டிய வீட்டை ஒரே இரவில் இடித்துவிட்டுப் போவதிலேயே இன்பம் காண்போரும் அதனுள் வருவர். இச்செயலை 'கிரீஃபிங்' என்பர். பிறரைத் துயருறச் செய்தல் என்பதே அதன் பொருள். இடித்தவனுக்கு அதனால் பொருள் வரவு பெரும்பாலும் இல்லை. பிறர் புலம்பலே அவனுக்கு ஆதாயம்.

இது இளைஞர் பொழுதுபோக்கு என்று இலக்கிய வாசகர் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தீங்கு செய்தவனை என்ன செய்வது என்று ஒரு சமூகம் முதன்முதலாகக் கூடி எண்ணிப் பார்க்கும் காட்சி அங்கே நம் கண்முன் நிகழ்கிறது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடரின் இருபுறமும் இதே கேள்வி பல நூற்றாண்டுகள் வேறு வடிவில் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. இங்கே பறிபோனது வீடன்று, மாடு. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மொழி நம்முடையது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளுக்கு மறுபுறம், தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்றோர் ஊர் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்ட அந்துவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. தொல்காப்பியத்தில் வரும் 'ஆகோள்' என்ற சொல் அக்கல்லில் வெட்டப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. இலக்கணத்தில் நாம் படித்த வெட்சித் திணை வெறும் கற்பனை மரபன்று என்பதற்கு அது சான்று.

வெட்சியைப் படிக்கையில் நாம் எளிதில் கடந்துபோகும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, நிரை கவர்பவர் வேந்தனால் ஏவப்பட்டவர். அச்செயலுக்கு மறுநாள் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறான். மற்றொன்று, கவர்ந்து வந்தால் மட்டும் போதாது, கொண்டுவந்த ஆக்களைப் பேணவும் வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணத்திலேயே அடங்கியிருக்கிறது. களவுதான், ஆயினும் கவர்ந்த பொருள்மீது கவர்ந்தவனுக்குக் கடமை உண்டு. பறிகொடுத்தவர்க்கோ மீட்கும் உரிமை உண்டு. பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை அதனைக் கரந்தை என்று தனித் திணையாகவே வகுத்தது. மாட்டை ஓட்டிச் செல்லாமல் கொன்று போட்டுவிட்டுச் சிரிப்பவனுக்கு எத்திணையிலும் இடமில்லை.

வேந்தர் மறைந்த பின்னும் மாடு களவு போவது நிற்கவில்லை. காவல் ஓர் அமைப்பாக வளர்ந்தது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற வரி வருகிறது. நாயக்கர் காலத்துக்குப் பின் தென்பாண்டிச் சீமையில் பாளையக்காரர் கையில் தேசகாவலும், ஊரளவில் ஸ்தலகாவலும் இருந்தன. ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய பாளையங்களும் இவ்வுலகைச் சேர்ந்தவையே. காவல் முறையின் அடிப்படை விதி எளியது. ஊரார் காவற்காரனுக்கு விளைச்சலில் ஒரு பங்கு தருவர். களவு நேர்ந்தால் அவன் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து கொடுக்கவேண்டும். காப்பவன் தவறினால் காப்பவனுக்கே இழப்பு.

இதனோடு ஒட்டிப் பிறந்தது துப்புக்கூலி. மாட்டை இழந்தவர் இடையாள் ஒருவரிடம் ஒரு தொகையைக் கொடுப்பார். சில நாளில், மாடு இன்ன இடத்தில் கட்டியிருக்கிறது என்ற செய்தி வரும். யார் ஓட்டிச் சென்றார் என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கில அதிகாரிகள் இதை மிரட்டிப் பணம் பறித்தல் என்று எழுதினர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. காவற்கூலி தர மறுத்த ஊரில் களவு பெருகியதென்ற குற்றச்சாட்டு அன்றைய ஆவணங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) நாவலைப் படித்தவர்கள் களவும் காவலும் ஒரே கையின் இரு பக்கங்களாக இருந்ததை அறிவர். ஆயினும் அம்முறையில் பொருள் திரும்பி வந்தது. மாடு உயிரோடு வந்தது. நடுவில் நிற்பவன் அதே வட்டாரத்தில் வாழ்ந்தாக வேண்டியவனாக இருந்தான்.

இனி விளையாட்டு உலகுக்கு வருவோம். 1997 செப்டம்பரில் ரிச்சர்ட் காரியட்டின் ஆரிஜின் நிறுவனம் 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய மாதம் நடந்த வெள்ளோட்டத்தில், அரசன் வேடத்தில் வந்த காரியட்டையே ஓர் ஆட்டக்காரர் தீயிட்டுக் கொன்றார். வரப்போவதற்கு அது முன்னறிவிப்பு. ஊருக்கு வெளியே காட்டுவழியில் புதியவர்கள் ஓயாமல் கொள்ளையடிக்கப்பட்டனர். வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டரும் குழுவினரும் தண்டனைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தனர். பல கொலை செய்தவன் பெயர் சிவப்பாகத் தெரிந்தது. ஊருக்குள் நுழைந்தால் காவலர் வெட்டினர். தலைக்கு விலை வைக்கப்பட்டது. அந்த விலைப் பட்டியலையே புகழ்ப் பட்டியலாகக் கொண்டவர்களும் இருந்தனர். இறுதியில், 2000ஆம் ஆண்டு உலகையே இரண்டாகப் பிரித்தனர். 'ஃபெலூக்கா'வில் பழைய அபாயம் தொடர்ந்தது. 'டிராமல்' என்ற மறுபாதியில் ஒருவரையொருவர் விரும்பினாலன்றித் தாக்க இயலாது. பெரும்பாலோர் டிராமலுக்குக் குடிபெயர்ந்தனர். அமைதி கிட்டியது. ஆனால் துணையாகக் கூட்டுச் சேர்ந்து வழிநடக்கவும், ஒருவரை ஒருவர் காக்கவும் வேண்டிய தேவையும் அதோடு குறைந்துபோயிற்று.

2003இல் ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் வெளியிட்ட 'ஈவ் ஆன்லைன்' வேறொரு வழியைத் தேர்ந்தது. பாதுகாப்பான விண்வெளிப் பகுதியில் ஒருவன் பிறர் கப்பலைத் தாக்கினால் 'காங்கார்டு' என்ற காவற்படை வந்து அவன் கப்பலை அழிக்கும். தாக்குதலைத் தடுக்காது, பின்னர்த் தண்டிக்கும், அவ்வளவே. விளைவு என்ன? ஆட்டக்காரர் கணக்குப் போட்டனர். எதிரியின் சரக்கு தன் கப்பலைவிட விலை மிகுந்ததாயின் தாக்கு. தண்டனை என்பது செலவு. அவ்வாறு அழிந்த கப்பலுக்குக் காப்பீட்டுத் தொகைகூடச் சிலகாலம் கிடைத்து வந்தது. 2011இல்தான் அது நிறுத்தப்பட்டது. தண்டனை விலையாக மாறிவிட்டால் வெட்கம் மறைந்துவிடுகிறது. துப்புக்கூலியின் தீய பக்கமும் இதுவே.

மூன்றாவது எடுத்துக்காட்டு எல்லாவற்றிலும் பழையது. எழுத்துகளால் மட்டுமே ஆன 'லாம்டாமூ' என்ற இணைய உலகில் 1993இல் ஒருவன் பிறர் பாத்திரங்களைத் தன்வசப்படுத்தி, அவர்கள்மீது பாலியல் வன்கொடுமை நிகழ்த்துவதாகக் காட்சிகளை எழுதினான். ஊர் கூடிப் பல மணி நேரம் விவாதித்தும் முடிவுக்கு வர இயலவில்லை. பின்னர் மேலாண்மை அதிகாரம் பெற்ற ஒருவர் அப்பாத்திரத்தை நீக்கினார். அதற்குப் பிறகே அங்கே வாக்கெடுப்பு முறை பிறந்தது. நீக்கப்பட்டவனோ சில நாளில் வேறு பெயரில் திரும்பி வந்தான். அவனுக்கு அவ்வூரில் இழப்பதற்கு வீடுமில்லை, உறவுமில்லை.

தண்டனையின் கடுமையைவிட, தண்டிக்கப்படுபவன் அந்நிலத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறான் என்பதே முக்கியம் என்று இம்மூன்றும் கூறுகின்றன. காவற்காரன் ஈடு கொடுத்ததற்குக் காரணம் அவன் நல்லவன் என்பதன்று. அவனுக்கு அறுவடையில் பங்கு இருந்தது என்பதே.

இப்பிணைப்பை அறுத்தால் என்ன நேரும் என்பதையும் நம் வட்டாரம் கண்டிருக்கிறது. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்தபின் கம்பெனி தேசகாவல் வருவாயைத் தனதாக்கிக்கொண்டது. 1816ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்த்தலைவரையும் தலையாரியையும் காவலுக்குப் பொறுப்பாக்கியது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. அரசு களவைப் பிடித்தால் தண்டித்தது. ஆனால் பறிபோன மாட்டுக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. எனவே காவல் முறை மறைவாகத் தொடர்ந்தது. 1890களில் மதுரை மாவட்டத்தில் உழவரும் ஆயரும் 'பண்டு' என்ற பொது நிதி திரட்டி, களவு கொடுத்தவர்க்குத் தாமே ஈடு தந்து, காவற்காரரை வெளியேற்ற முனைந்தனர். சிறந்த எண்ணம்தான், ஆயினும் பல இடங்களில் குடிசைகளுக்குத் தீயிடுவதில் அது போய் முடிந்தது.

அடுத்து வந்தது 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம். மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றனர். செய்த செயலுக்கன்றி, பிறந்த பிறப்புக்கே தண்டனை. களவே அறியாத இளைஞனும் ரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் படுத்துறங்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. அல்டிமாவின் சிவந்த பெயரைக்கூடக் காலப்போக்கில் வெளுக்கவைக்க வழி இருந்தது. இந்தப் பெயருக்கு அவ்வழியும் இல்லை.

'மைன்கிராஃப்ட்' விளையாட்டை நடத்துவோர் சிலர் இன்று ஒரு குறிப்பேட்டு முறையைக் கையாளுகின்றனர். யார் எந்தக் கட்டியை எப்போது உடைத்தார் என்பது பதிவாகிறது. இடிந்த வீட்டை இடிவதற்கு முன்பிருந்த நிலைக்கு மீட்டுவிட முடிகிறது. இது நற்செய்தியே. பழங்காவலின் 'பொருள் திரும்ப வரவேண்டும்' என்ற பாதியை அது நிறைவேற்றுகிறது. ஆனால் வீடு தானே எழுந்து நின்றுவிட்டால், இடித்தவன் கட்டியவனை எதிர்கொள்ளவே வேண்டியதில்லை. மற்றொரு பாதி நிறைவேறாமல் நிற்கிறது.

புறத்திணை பாடம் நடத்தும்போது நான் மாணவரிடம் இவ்விளையாட்டுகளைப் பற்றிக் கேட்பதுண்டு. வீட்டை இடித்தவனை என்ன செய்யலாம் என்றால், நிரந்தரமாக வெளியேற்று என்பதே பெரும்பாலும் முதலில் வரும் விடை. இடித்ததை அவன் கையாலேயே கட்டச் சொன்னால் என்ன என்று ஏதேனும் ஒரு குரல் பின்வரிசையிலிருந்து எழும். வகுப்பு சிரிக்கும். தொல்காப்பியருக்கு மிக அருகில் நிற்பது அந்தக் குரல்தான் என்று அவர்களிடம் சொல்வேன்.