சிலிக்கா வன்படை மண்

பாலையிலும் அரைப்பாலை மேய்ச்சல் தரைகளிலும் காணப்படும் ஆழங்குறைந்த மண் வகை. மேலே ஒரு சாணோ ஒரு முழமோ மண் இருக்கும். அதற்குக் கீழே அலவாங்கு ஓங்கிப் போட்டாலும் பொறி பறக்குமே தவிர உள்ளே இறங்காத ஒரு படை கிடக்கும். மணலும் வண்டலும் சரளையும் சிலிக்காவால் ஒட்டிப் போனதே அந்தப் படை. அமெரிக்க மண் வகைப்பாடு இதை டியூரிபான் என்கிறது. தென்னாபிரிக்காவில் இது டோர்பாங்க், மேற்கு அவுஸ்திரேலியாவில் செங்கபில வன்படை. இலங்கையின் பெரும் மண் தொகுதிகளில் இதற்கு இடம் இல்லை. அதன் தூரத்து உறவுகள் இங்கேயும் உண்டு. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர் அவற்றின் மேலேதான் நடக்கிறார்.

இந்தப் படை உருவாவதற்கு மழை வேண்டும், ஆனால் போதாத மழையாக இருக்க வேண்டும். படிகமாக உறைந்த குவாட்சு ஒரு லீற்றர் நீரில் 10 மில்லிகிராம் அளவுக்குக்கூடக் கரைவது அரிது. படிகமாகாத சிலிக்காவோ நூறு மில்லிகிராமுக்கு மேல் கரையும். எரிமலைச் சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்கள் இந்த இரண்டாவது வகையைத் தாராளமாகக் கொடுக்கும். ஆண்டுக்கு 200, 300 மில்லிமீற்றர் மழை பெய்யும் நிலத்தில் நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு ஓரளவு ஆழம் இறங்கும், அங்கேயே நின்றுவிடும். பிறகு வேர் உறிஞ்சும், வெயில் வாங்கும், நீர் போய்விடும், சிலிக்கா தங்கும். பல பத்தாயிரம் ஆண்டுகள் இப்படியே நடந்தால் மணிகளுக்கு இடையே உள்ள துளைகள் அடைபட்டு, மேற்பரப்பில் ஓப்பல் தகடு படிந்து படை மூடிவிடும். மழை கூடிய நாட்டில் இதே சிலிக்கா ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். வன்படை கிடக்கும் ஆழம் என்பது, அந்த நிலத்தில் பழைய மழை எவ்வளவு தூரம் இறங்கியது என்பதன் அடையாளம்.

ஒரு படை சிலிக்காவால் ஒட்டியதா வேறெதனாலா என்பதைச் சோதிக்கும் முறை எளிமையானது. காய்ந்த கட்டி ஒன்றை நீரில் போடுவார்கள். வெறுமனே இறுகிய களியென்றால் சில நிமிடங்களில் குமிழி விட்டுக் கரைந்து சேறாகும். கரையாவிட்டால் ஐதரோக்குளோரிக் அமிலம். சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அது நுரைத்துக்கொண்டு உடையும். அதற்கும் பாதிக்கு மேல் அசையாமல் கிடந்து, செறிந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டிலோ சோடியம் ஐதரொட்சைட்டிலோ பாதிக்கு மேல் இளகினால் அது டியூரிபான். காரம் சிலிக்காவைக் கரைக்கும், அமிலம் கரைக்காது. சோதனை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது. வேரைப் பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு: படைக்குள் வேர் நுழையக்கூடிய நிலைக்குத்து வெடிப்புகள் குறைந்தது 10 சென்ரிமீற்றர் இடைவெளியிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் குழி வெட்டிப் பார்க்கும்போது வேர்கள் படையைத் தொட்டவுடன் படுக்கையாகத் திரும்பி, அதன் மேலே பாய் விரித்தாற்போல் பரந்து கிடக்கின்றன.

இறுகிய மேலோடுகளுக்குப் பொருளின் அடிப்படையில் பெயர் வைத்தவர் பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் ஜோர்ஜ் வில்லியம் லாம்ப்ளோ. 1902இல் அவர் சுண்ணாம்பால் ஒட்டியதைக் கல்கிறீற் என்றும், சிலிக்காவால் ஒட்டியதைச் சில்கிறீற் என்றும், இரும்பால் ஒட்டியதைப் பெரிகிறீற் என்றும் பிரித்தார். அது பாறை பார்ப்பவரின் கண். மண் பார்ப்பவர்கள் தங்களுக்கென ஒரு பெயரை எடுக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. கை டி. சிமித் தலைமையில் அமெரிக்க மண் அளவைத் துறை 1960இல் வெளியிட்ட புதிய வகைப்பாட்டு வரைவில் டியூரிபான் வந்தது. 1975இல் அது முழு நூலாயிற்று. உலக மண் வகைப்பாடு 1998இல் டியூரிசோல் என்ற தனிப் பிரிவையே ஒதுக்கியது.

விஞ்ஞானிகள் பெயர் தேடிக்கொண்டிருந்த காலத்தில் கலிபோர்னியா விவசாயிகள் வெடிமருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். இந்த மண்ணின் வரலாற்றில் அதிகம் பேசப்படும் அத்தியாயம் சான் வாக்கீன் பள்ளத்தாக்குதான். அந்தப் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில் மேடும் பள்ளமுமாக, பன்றி புரண்ட சகதி காய்ந்ததுபோன்ற தரை பரந்து கிடந்தது. மேய்ச்சலுக்கும் மானாவாரிக் கோதுமைக்கும் அது போதுமாயிருந்தது. கால்வாய் நீர் வந்து, திராட்சையும் பழமரங்களும் நட வேண்டும் என்று ஆனபோதுதான் அடியில் கிடந்தது தெரியவந்தது. முதல் வேலை தரையைச் சமப்படுத்துவது. பிரெஸ்னோ நகரில் பட்டறை வைத்திருந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் போர்ட்டியஸ் 1883இல் உரிமம் பெற்ற மண்வாரிப் பலகை இதற்கென்றே பேர் போனது. குதிரைகள் இழுக்கும் அந்தச் சாதனம் பின்னால் பனாமாக் கால்வாய் வரை போயிற்று.

அடுத்த வேலை துளைப்பது. மரம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குழி, அதற்குள் ஒரு டைனமைற் குச்சி, பிறகு திரி. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் டியூபொன்ட் நிறுவனம் டைனமைற்றால் விவசாயம் செய்வது எப்படி என்று விவசாயிகளுக்குக் கைந்நூலே அச்சிட்டுக் கொடுத்தது. விற்பவனுக்கு அதில் ஆதாயம் இருந்தது, உண்மை. ஆனால் முறை வேலை செய்யவும் செய்தது, படை அடிவரை உடைந்த இடங்களில். அரைகுறையாக உடைந்த குழிகளில் நீர் தேங்கி நின்று மரத்தை வேரோடு அழுகவைத்தது. பிற்காலத்தில் சங்கிலிச் சக்கர உழவு இயந்திரங்கள் ஆளுயரத்துக்கும் கூடிய கொழுவைத் தரைக்குள் இறக்கி இழுத்துப் படையைக் கிழித்தன. டைனமைற் ஓய்ந்தது.

இதற்கிடையே ஒரு விசித்திரம். சான் வாக்கீன் மண் 1900இலேயே அளவையில் பெயரிடப்பட்ட பழைய மண்களில் ஒன்று. ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்தது. இத்தனை தலைமுறை திட்டி வெடித்த அந்த மண்ணையே 1997இல் கலிபோர்னியா தன் மாநில மண்ணாக அறிவித்தது. உழப்படாத இடங்களில், மாரி மழை வன்படையின் மேல் தேங்கி இளவேனிலில் வற்றும் சிறு குட்டைகளும் கவனத்துக்கு வந்தன. நீர் வற்ற வற்ற அவற்றைச் சுற்றி வளையம் வளையமாகப் பூக்கள் பூக்கும். அக்குட்டைகளில் வாழும் ஒரு சிறு இறால் இனம் 1994இல் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. படையை உடைத்தால் குட்டை இல்லை, குட்டை இல்லையென்றால் இறாலும் இல்லை.

கலிபோர்னியாவில் நீரும் சந்தையும் இருந்ததால் உடைப்பது கட்டுப்படியானது. மேய்ச்சல் நாட்டில் அது நடக்காத காரியம். முப்பது சென்ரிமீற்றர் ஆழமுள்ள இருவாட்டி மண் செடிக்குக் கொடுக்கக்கூடிய நீர் ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீற்றர். ஒரு பலத்த மழையிலேயே அது நிரம்பிவிடும். மிஞ்சுவது படையின் மேல் தேங்கி மண்ணைச் சேறாக்கும், அல்லது சரிவில் ஓடிவிடும். நெவாடாவில் ஆழமான மண்ணில் பெரிய சேஜ் புதரும் வன்படை மேலே நிற்கும் இடத்தில் கட்டையான கறுப்புச் சேஜும் வளர்வதை வைத்தே மண் அளவையாளர் படையின் ஆழத்தை ஊகிப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அளவில்லாமல் இறக்கிய மாடும் ஆடும் அங்குள்ள பல்லாண்டுப் புற்களை மென்று தீர்த்தன. வெளியிலிருந்து வந்த சீற்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் அந்த வெற்றிடத்தில் புகுந்தது. அது சீக்கிரம் காயும், சீக்கிரம் எரியும். 1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தபோது பொது நிலத்தில் மேய்க்க அனுமதி எடுக்கும் வழக்கம் தொடங்கியது. அதற்குள் ஆழமற்ற தரைகளில் மேல்மண்ணும் குறைந்திருந்தது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன், விலூனா பகுதிகளில் நிலத்தின் சாய்வு கண்ணுக்கே தெரியாது. அங்கே மழைநீர் ஓடையாக ஓடாது, விரித்த துணியாகத் தரைமேல் நகரும். முல்கா என்ற அக்கேசியா மரங்கள் அந்த நீரை மறித்துப் பிடிக்கும் விதமாகப் பட்டை பட்டையாக, சாய்வுக்குக் குறுக்கே வளர்ந்து நிற்கும். அங்குள்ள செங்கபில வன்படை மண்ணை முதலில் முறையாக விவரித்தவர் டீக்கிள் (1936). 1962இல் லிச்பீல்டும் மபட்டும் அதன் வன்படையை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வேலியோ வண்டிப் பாதையோ அந்த நீரின் போக்கை மறித்தால், கீழ்ச்சாய்வில் உள்ள முல்கா பட்டை காய்ந்து சாகும். பண்ணைக்காரர்கள் அதை நட்டப்பட்டே கற்றார்கள்.

அம்பாறைக் கரையோரத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. இங்கே ஆண்டு மழை 1,500 மில்லிமீற்றருக்கு மேல். அதில் பெரும்பங்கு கார்த்திகை, மார்கழி, தையில் கொட்டித் தீர்ந்துவிடும். கரைந்த சிலிக்கா படையாகத் தங்குவதற்கு இடம் இல்லை. ஆயினும் நீண்ட கோடை உண்டு. உலர் வலயத்தின் செங்கபில மண் அந்தக் கோடையில் செங்கல்லாக இறுகிவிடும். இப்படி இறுகுவதில் படிகமாகாத சிலிக்காவுக்கும் பங்கு உண்டு என்பது அவுஸ்திரேலிய ஆய்வுகளில் வலுப்பெற்ற கருத்து. வேறுபாடு இதுதான்: டியூரிபான் நனைந்தாலும் இளகாது, செங்கபில மண் நனைந்தவுடன் இளகிவிடும், சற்றுக் கூட நனைந்தால் காலில் ஒட்டும். உழக்கூடிய ஈரம் இறுகலுக்கும் ஒட்டலுக்கும் நடுவே சில நாட்கள்தான். உலர் வலய மேட்டுநிலத்தில் முதல் மழைக்காகக் காத்திருந்து, அந்த மழையின் ஒரு பகுதியை வீணே விட்டு உழவு தொடங்க வேண்டியிருப்பது இதனால்தான். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையம் பல தலைமுறையாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் இது.

இலங்கை மண்களை முறையாக ஆராயும் வேலை 1930களில் ஏ. டபிள்யூ. ஆர். ஜோவாக்கிமோடு சூடுபிடித்தது. 1961இல் மூர்மனும் சி. ஆர். பானபொக்கையும் பெரும் மண் தொகுதிகளை வகுத்தனர். 1972இல் டி அல்விசும் பானபொக்கையும் கைந்நூல் வெளியிட்டனர். அந்த வகுப்பின்படி கல்லோயாப் பள்ளத்தாக்கின் மேட்டில் சுண்ணமில்லாக் கபில மண் முக்கியமானது. மணற்பாங்கானது, நீரைப் பிடித்து வைக்காதது. சரிவின் அடியில் நீர் தேங்கும் நரைக்களி, ஆற்றோரத்தில் வண்டல், கடலோரத்தில் மணல். உலர் வலயக் கரையோரத் தாழ்நிலங்களில் சோடியம் ஏறி, தூண் தூணாக இறுகிய களிப்படை கொண்ட மண்ணும் அங்கங்கே உண்டு. வேருக்கும் நீருக்கும் அது போடும் தடை டியூரிபானின் தடையை ஒத்ததுதான்.

கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தைக் கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. நவீன பொறியியல் மேலே அணை கட்டியபோது, கீழே விவசாயி தன் வயல் வரவைக்குள் வேறொரு அடைப்பை எப்போதோ கட்டி முடித்திருந்தான். எருமை கட்டி மிதித்தும், உழுது சேறடித்தும், பலகையால் மட்டம் செய்தும் வந்த பழைய வயல் வட்டைகளில், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே நெருங்கிய ஒரு படை உண்டாகியிருக்கும். நீர் கீழே ஒழுகிப் போகாமல் தாங்குவது அதுதான். நெவாடா மேய்ச்சல்காரனும் பிரெஸ்னோ தோட்டக்காரனும் சபித்த தடையை நெல் விவசாயி கைப்படச் செய்து வைத்துக்கொள்கிறான். இது சிலிக்காவால் ஒட்டியதல்ல, மிதிபட்டு நெருங்கியது மட்டுமே. ஒருமுறை ஆழ உழுதால் உடைந்துவிடும். மணற்பாங்கான வரவையில் அப்படி உடைந்தால் வரம்பின் வக்கடையை எத்தனை தரம் கட்டினாலும் தண்ணீர் நிற்காது. வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவனுக்கு அந்த இழப்பு இரட்டிப்பு. இதே நெருங்கிய படை, அறுவடைக்குப் பின் உளுந்தோ சோளமோ போட நினைக்கிறவனுக்கு இடைஞ்சல். அவற்றின் வேர் அதைத் தாண்டாது.

சிலிக்கா இந்த வட்டைகளில் படையாகத் தங்காவிட்டாலும், கரைந்த சிலிக்கா நெற்பயிருக்குள் ஏறுகிறது. வேறெந்த முக்கிய தானியமும் நெல்லளவுக்குச் சிலிக்காவை உறிஞ்சுவதில்லை. நெல் ஓலை கையைக் கிழிப்பது அதனால். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சிலிக்காதான். மாரிப் போகத்தில் வட்டைக்கு வெளியே மேட்டு மேய்ச்சல் தரைகளுக்கு ஓட்டிய மாட்டுப்பட்டிகள் அறுவடைக்குப் பிறகு தாள் மேய இறங்கும்போது, அந்தச் சிலிக்காவையும் சேர்த்தே மெல்லுகின்றன. வைக்கோல் எளிதில் செரிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். 1980களில் இலங்கையில் நடந்த வைக்கோல் ஆய்வுகள் இதற்கு ஒரு வழி சொல்லின. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை ஏறத்தாழ நூறு லீற்றர் நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் ஒன்றிரண்டு வாரம் மூடி வைப்பது. உள்ளே யூரியா அமோனியாவாக மாறும். அதன் காரம் நாரின் பிணைப்பைத் தளர்த்தும், வைக்கோலில் நைதரசனும் கூடும்.