பழைய கணினியில் காணொளி பாதியில் நிற்கிறதா?

வீட்டுத் திருமணக் காணொளியைப் போட்டால் பழைய கணினி பாதியில் நின்றுவிடுகிறதா? புதிது வாங்குமுன் எது நிற்கிறது என்று கவனியுங்கள்.

கணினியே அணைந்தால், பெரும்பாலும் சூடுதான் காரணம். மின்சாரத்தைத் துண்டித்து, உள்ளிருக்கும் விசிறியில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் அகற்றுங்கள்.

காணொளிச் செயலி மட்டும் மூடிக்கொண்டால், கிராஃபிக்ஸ் டிரைவரில் கோளாறு இருக்கலாம். விஎல்சி செயலியில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் என்று சென்று, ‘ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்’ என்பதை ‘டிசேபிள்’ என மாற்றிச் சேமியுங்கள். செயலியை மூடி மீண்டும் திறந்து பாருங்கள்.

ஒரு காணொளி மட்டும் நின்றால், அந்தக் கோப்பே பழுதாகியிருக்கலாம்.

கடைக்குக் கொண்டுபோகுமுன் குடும்பக் காணொளிகளைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். ஓடாத காணொளியையும் பெரும்பாலும் நகலெடுக்கலாம். ஃபார்மெட் செய்தபின் மீட்பது கடினம்.