காவல் ஒலியும் அபயக் குரலும்

கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது வடக்கனந்தல். குறிஞ்சி நிலம் இவ்வூரையொட்டியே தொடங்கிவிடுகிறது. குறிஞ்சி என்றதும் முருகனும் வள்ளியும் நம் நினைவுக்கு வருவர். உடன் நினைக்க வேண்டிய இன்னொன்று, தினைப்புனத்தின் ஒலி. பரணேறிய பெண்கள் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்துக் கிளிகளை ஓட்டியதைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. உடைமையைக் காக்க ஒலியெழுப்பும் வழக்கத்துக்குத் தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

அந்தக் காவலில் ஒலிப்பவள் புனத்திலேயே இருந்தாள். எப்போது ஒலிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை அவளே முடிவு செய்தாள். இன்றைய கார் அலாரத்தில் அந்த ஆள் இல்லை. அதிர்வை உணரும் கருவிக்குக் கதவைப் பெயர்ப்பவனும் ஒன்றுதான். கடந்து செல்லும் லாரியும் இடிமுழக்கமும் ஒன்றுதான். உரிமையாளர் எங்கோ இருக்க, தெருவே விழித்துக் கிடக்கிறது. பலமுறை பொய்யாய் அலறியபின் யாரும் எட்டிப் பார்ப்பதுமில்லை. அப்போது அது திருடனுக்கே துணையாகிறது.

இரைச்சலுக்கென்று தனி விதிகள் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று அவை வரையறுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னைக் குடியிருப்பு ஒன்றின் நலச்சங்கத்துக்கும் அருகிலிருந்த வழிபாட்டுக் கூடத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்தச் சமயமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம்.

2005 ஜூலை 18ஆம் நாள் வந்த தீர்ப்பு இன்னும் விரிவானது. அவ்வழக்கின் தோற்றுவாயை அறிந்தால் நெஞ்சு பதைக்கும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அபயக்குரல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கி இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. அன்று மாலையே அச்சிறுமி தீக்குளித்து இறந்தாள். 1998 ஜனவரியில் நாளேடுகளில் வந்த இச்செய்தியே ஒரு பொறியாளரை நீதிமன்றத்துக்கு இட்டுச் சென்றது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை குடியிருப்புப் பகுதிகளில் தவிர்க்க இயலாத நிலையிலன்றி ஹாரன் ஒலிக்கலாகாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2010இல் அது விதியாகவே சேர்க்கப்பட்டது.

அந்த விதி ஹாரனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கார் அலாரத்தைக் குறிக்கவில்லை. எனினும் டெசிபெல் வரம்பு எல்லா ஓசைக்கும் பொது. வரம்பை 10 டெசிபெல் மிஞ்சினால் பாதிக்கப்பட்டவர் உரிய அதிகாரியிடம் புகார் செய்யலாம். அதற்குமுன் உரிமையாளரிடமே சொல்லிப் பார்க்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்து உணர்கருவியின் கூர்மையைக் குறைக்கலாம். தெருவை எழுப்பாமல் உரிமையாளரின் கைப்பேசிக்கு மட்டும் செய்தி அனுப்பும் கருவிகளும் இப்போது உள்ளன.

தெருவின் உறக்கம் மட்டுமே இங்கே கேள்வியன்று. உண்மையாகவே ஒருவர் அபயம் என்று கூவும்போது அது நம் காதில் விழ வேண்டும். விழுந்தால் நாம் எழுந்து செல்ல வேண்டும்.