குழிக்களரியின் ஒழுங்கு

வடக்கு மலபாரின் குழிக்களரி தரைமட்டத்துக்குக் கீழே தோண்டப்பட்ட, களரிப்பயிற்று என்னும் போர்க்கலைக்கான பயிற்சிக்கூடம். மரபான அளவு 42 அடி நீளம், 21 அடி அகலம். வாசல் கிழக்கே, தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழுப்பிய வழிபாட்டு மேடையான பூத்தறை. புதிதாகச் சேரும் பிள்ளை ஆசிரியரான குருக்களுக்குத் தட்சிணை வைத்து, வலது காலை முன்வைத்து இறங்கி, தரையைத் தொட்டு வணங்க வேண்டும். இப்படி இறங்கி வணங்கும் முறை முதல் நாளோடு முடிவதில்லை. எத்தனை ஆண்டு பழகியவரும் தினமும் இதைச் செய்தே பயிற்சியைத் தொடங்குவார்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் வாழ்ந்த போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதிலேயே இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டதை எழுதியிருக்கிறார். களரி நாயர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வடக்கு மலபாரின் கதைப்பாடல்களான வடக்கன் பாட்டுகளின் நாயகன் ஆரோமல் சேகவர் தீயர் குலத்தவர். பிரபுக்களின் வழக்குகளைத் தீர்க்க, கூலி பெற்று அங்கம் என்னும் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் இறங்குவது சேகவர்களின் தொழில். பிடி தவறினால் உயிர் போகும் தொழில் அது. பயிற்சியின் கண்டிப்பை அதை வைத்தே புரிந்துகொள்ள முடியும்.

பயிற்சி மழைக்காலத்தில் தொடங்கும். இடுப்பில் கச்சையை இறுகக் கட்டி, உடம்பெங்கும் எண்ணெய் பூசி, குருக்கள் சொல்லும் வாய்த்தாரி என்னும் வாய்மொழிக் கட்டளைக்கு ஏற்பக் காலை வீச வேண்டும். தலைக்கு மேல் நீட்டிய உள்ளங்கையைக் கால் தொட வேண்டும். யானை, சிங்கம், குதிரை, பாம்பு போன்ற வடிவங்களில் உடல் நன்றாகப் பதிந்த பிறகே கையில் கோல் வரும். வாள், கேடயம், வளையும் வாளான உறுமி எல்லாம் அதற்கும் பிறகு. உடலின் உயிர்நிலைகளான மர்ம (வர்ம) இடங்களைப் பற்றிய அறிவை குருக்கள் கடைசியில், நம்பிக்கைக்கு உரியவருக்கு மட்டுமே தருவார். கயிற்றைப் பிடித்தபடி குருக்கள் காலால் மிதித்து நீவும் உழிச்சிலுக்கும் பத்தியம் உண்டு: பகலில் தூங்கக் கூடாது, இரவில் கண்விழிக்கக் கூடாது, பிரமச்சரியம் காக்க வேண்டும்.

துப்பாக்கி பரவியதில் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்த களரி, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட பழசிராஜா 1805இல் வீழ்ந்த காலத்தில் கம்பெனி மேற்கொண்ட ஆயுதப் பறிப்பால் மேலும் ஒடுங்கியது. சில குடும்பங்களில் அது தங்கியதற்கு எலும்பு முறிவு, சுளுக்கு வைத்தியமும் ஒரு காரணம். குருக்கள் வைத்தியராகவும் இருந்தார். 1920களில் தலைச்சேரிப் பக்கம் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் களரியை மீண்டும் மக்கள் முன் கொண்டுவந்தனர்.

தெற்குத் திருவிதாங்கூரிலும் கன்னியாகுமரிப் பகுதியிலும் வழங்கும் தெக்கன் முறை வேறு. அங்கே குழி கட்டாயமில்லை. கற்பிப்பவர் ஆசான், மூலகுரு அகத்தியர், வர்ம ஏடுகள் தமிழில்.

பெண்பிள்ளைகள் பருவம் எய்தியதும் களரியை விட்டு நிற்பது முன்பு பொதுவான வழக்கமாக இருந்தது. ஏழு வயதில் சேர்ந்த வடகரை மீனாட்சி அம்மா நிற்கவில்லை. பின்னர் தாமே குருக்களாகி, 2017இல் பத்மஸ்ரீ பெற்றார்.