கே.ஜி.எஃப். திரைப்படத் தொடர்: இரு அத்தியாயங்களின் வரலாறும் ஒப்பீடும்

கே.ஜி.எஃப். என்பது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைக் கதைக்களமாகக் கொண்டு பிரசாந்த் நீல் எழுதி இயக்கிய கன்னடத் திரைப்படத் தொடர் ஆகும். ஹொம்பாலே பிலிம்ஸ் நிறுவனத்தின் சார்பில் விஜய் கிரகந்தூர் தயாரித்த இத்தொடரின் முதல் அத்தியாயம் 2018 டிசம்பர் 21 அன்றும், இரண்டாம் அத்தியாயம் 2022 ஏப்ரல் 14 அன்றும் கன்னடம், தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி ஆகிய ஐந்து மொழிகளில் வெளியாயின. இரண்டிலும் யஷ் கதாநாயகனாகவும் ஸ்ரீநிதி ஷெட்டி கதாநாயகியாகவும் நடித்தனர். புவன் கௌடா ஒளிப்பதிவும் ரவி பஸ்ரூர் இசையும் அமைத்தனர். ஒரே இயக்குநரும் ஏறத்தாழ ஒரே கலைஞர் குழுவும் உருவாக்கியவை என்றாலும், சுரங்கம் என்னும் இடத்தைக் காணும் பார்வையில் இவ்விரு அத்தியாயங்களும் பெரிதும் வேறுபடுகின்றன.

தொடர் வடிவம்

பல பாகங்களாக நீளும் வெகுமக்கள் படைப்புகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில் பாகங்களுக்கு வரிசை எண் இருந்தாலும் கதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். 1986இல் வெளிவரத் தொடங்கிய டிராகன் குவெஸ்ட், 1987இல் தொடங்கிய ஃபைனல் ஃபேண்டசி ஆகிய ஜப்பானிய வீடியோ கேம் தொடர்கள் இதற்கு எடுத்துக்காட்டு. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் ஆற்றலைப் படிப்படியாக வளர்த்துக்கொண்டு கதையைக் கடக்கும் 'பாத்திரமேற்பு விளையாட்டு' வகையைச் சேர்ந்த இவற்றில், குறிப்பாக ஃபைனல் ஃபேண்டசியின் எண்ணிட்ட பாகங்கள் பலவும் தனித்தனி உலகங்களையும் மாந்தரையும் கொண்டவை. மந்திரப் படிகங்கள், சோகோபோ என்னும் சவாரிப் பறவை போன்ற சில கூறுகளே அவற்றை ஒரு குடும்பமாகப் பிணைக்கின்றன. அதனால் எந்தப் பாகம் சிறந்தது என்னும் விவாதம் அத்தொடர்களின் ரசிகர்களிடையே ஓய்வதில்லை.

இரண்டாம் வகையில் ஒரே கதை துண்டாக்கப்பட்டுப் பாகங்களாகிறது. கே.ஜி.எஃப். இவ்வகையைச் சேர்ந்தது. உக்ரம் (2014) என்னும் படத்தால் அறியப்பட்ட பிரசாந்த் நீல் இக்கதையை முதலில் ஒரே படமாகவே திட்டமிட்டு, அதன் நீளம் கருதிப் பின்னர் இரண்டாகப் பிரித்தார். 'அத்தியாயம்' என்னும் பெயரீடும் கதையின் உள்ளமைப்போடு பொருந்துகிறது; ஆனந்த் இங்களகி என்னும் எழுத்தாளர் எழுதி, அரசால் தடை செய்யப்பட்ட ஒரு நூலின் வழியாகவே இக்கதை பார்வையாளரிடம் வந்து சேர்கிறது.

களத்தின் வரலாறு

கோலார் வட்டாரத்தில் தங்கம் கிடைப்பது பழங்காலம் முதலே அறியப்பட்டிருந்தது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் இப்பகுதியை அளந்த ஜான் வாரன் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பற்றிக் குறிப்பு எழுதினார். அக்குறிப்பைப் படித்த முன்னாள் படைவீரர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லவெல் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தோண்டத் தொடங்கினார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்ற பிறகே இது பெருந்தொழிலாயிற்று. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் வளர்ந்தன. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

இந்த ஆழத்தில் உழைத்தவர்களில் பெரும்பான்மையினர் வடஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதியினரே மிகுதி. அவர்கள் 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஆழத்தில் பாறை தன் மேலுள்ள அழுத்தம் தாங்காமல் திடீரெனச் சிதறும் விபத்துகளும், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோயும் அவர்கள் வாழ்வின் பகுதியாயின. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தம் தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றில் முக்கியமானது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தன. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்து செலவு மிகுந்ததால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதுவரை அங்கிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டிருந்தது.

முதல் அத்தியாயம் (2018)

முதல் அத்தியாயம் 1951ஆம் ஆண்டில் தொடங்குகிறது. வறுமையில் வாடும் ஒரு தாய்க்கு மகன் பிறக்கும் அதே வேளையில் கோலார் பகுதியில் தங்கம் கண்டறியப்படுகிறது. சூரியவர்தன் என்பவன் சுண்ணாம்புக்கல் வெட்டுவதாகக் கூறி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நராச்சி என்னும் கற்பனைச் சுரங்கத்தைக் கமுக்கமாக நடத்துகிறான். செல்வத்தோடும் அதிகாரத்தோடும் சாக வேண்டும் என்று தாய்க்கு வாக்களித்து பம்பாய் சென்ற மகன், ராக்கி என்னும் பெயரில் நிழலுலகில் உயர்ந்து, சூரியவர்தனின் வாரிசான கருடனைக் கொல்வதற்காக அடிமைத் தொழிலாளி வேடத்தில் நராச்சிக்குள் நுழைகிறான்.

படத்தின் பிற்பாதி முழுவதும் இந்த நுழைவையும் காத்திருப்பையும் பற்றியது. காவலரின் நடமாட்டத்தையும் வழிகளையும் மனத்தில் பதித்துக்கொண்டு பேசாமல் உழைக்கும் ராக்கி, பார்வையிழந்த ஒரு முதியவரைக் காவலர்கள் சுட முற்படும்போது முதன்முறையாகத் தன்னை வெளிப்படுத்துகிறான். அடிமைகள் அவனைத் தங்கள் மீட்பனாகக் காணத் தொடங்குவது அக்கணத்தில்தான். காளி விழாவில் பலியிடப்பட வேண்டியவர்களுள் ஒருவனாக மறைந்து நின்று அவன் கருடனைக் கொல்வதோடு முதல் அத்தியாயம் முடிகிறது. அடையாளத்தை மறைத்த ஒருவன் ஒரே இலக்கை நோக்கி நகர்வதால் கதை ஒருமுகப்பட்டிருக்கிறது. சுரங்கம் இங்கே சிறைக்கூடமாகவே காட்டப்படுகிறது.

தங்கம் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மண்ணை நூறாண்டுக்கும் மேலாகக் கொட்டிக் குவித்ததால் உருவான, தங்கவயல் மக்கள் 'சைனைடு டம்ப்' என்று அழைக்கும் மேடுகளில் இப்படத்தின் முக்கியக் காட்சிகள் படமாக்கப்பட்டன. அரைத்த தாதுவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கச் சயனைடு பயன்பட்டதால் இப்பெயர் வந்தது. மரஞ்செடி அரிதான, காற்றடித்தால் தூசி எழும்பும் இம்மேடுகளின் வெளிறிய பரப்பைக் கரியும் பழுப்புமாக மாற்றி, நராச்சியை எந்த நாட்டையும் சேராத பாழ்நிலம்போல் தோன்றச் செய்ததில் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்குநர் சிவகுமாரின் அரங்கங்களுக்கும் பெரும் பங்குண்டு.

இரண்டாம் அத்தியாயம் (2022)

இரண்டாம் அத்தியாயத்தில் நராச்சி ராக்கியின் வசமாகிறது. சூரியவர்தனின் தம்பி அதீராவாகச் சஞ்சய் தத்தும், பிரதமர் ரமிகா சென்னாக ரவீணா டாண்டனும் புதிதாக இணைந்தனர். முதல் அத்தியாயத்தில் ஆனந்த் இங்களகியாக அனந்த் நாக் கதையைச் சொன்னார். இரண்டாவதில் அவருடைய மகன் விஜயேந்திராவாகப் பிரகாஷ் ராஜ் அப்பொறுப்பை ஏற்றார். படத்தொகுப்பும் ஸ்ரீகாந்த் கௌடாவிடமிருந்து உஜ்வல் குல்கர்னிக்கு மாறியது.

கதையின் பகைவர்கள் மூன்று தளங்களில் அமைகின்றனர்: சுரங்கத்துக்கு உரிமை கோரும் அதீரா, துபாயிலிருந்து தங்கக் கடத்தலை ஆளும் இனாயத் கலீல், இறுதியாக இந்திய அரசு. இப்பெருக்கத்தின் அளவைக் காட்டும் காட்சி ஒன்றுண்டு. நடுவண் புலனாய்வுத் துறையினர் நடத்தும் சோதனையில் 400 கிராம் எடையுள்ள ஒரே ஒரு தங்கக்கட்டி மட்டும் பிடிபட, அதை மீட்பதற்காக ராக்கி காவல் நிலையத்தையே பெரிய இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தகர்த்து, காய்ந்து சிவந்த அதன் குழலில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்கிறான். டன் கணக்கில் தங்கம் வைத்திருப்பவன் 400 கிராமுக்காக அரசோடு மோதுவதில் பொருளாசையைவிட ஆணவமே மேலோங்கி நிற்கிறது. இறுதியில் பிரதமரின் ஆணைப்படி நடக்கும் தாக்குதலில் அவன் தங்கத்தோடு கடலில் மூழ்குகிறான்.

படப்பிடிப்பு இம்முறை தடைகளுக்கு உள்ளாயிற்று. சைனைடு மேடுகளுக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு விளைவதாக எழுந்த புகாரின்பேரில் 2019 ஆகஸ்டில் உள்ளூர் நீதிமன்றம் அங்குப் படமெடுக்கத் தடை விதித்தது. பின்னர்க் கொரோனா பெருந்தொற்றால் வெளியீட்டு நாள் 2020 அக்டோபர், 2021 ஜூலை எனத் தள்ளிப்போய் 2022 ஏப்ரலில் உறுதியாயிற்று.

ஒப்பீடு

இரு அத்தியாயங்களுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு கதாநாயகனின் நிலையிலிருந்து பிறக்கிறது. முதலாவதில் அவன் அதிகாரத்துக்கு வெளியே நிற்கிறான். அதனால் அவனுடைய ஒவ்வொரு வெற்றியும் அடிமைகளின் விடுதலையாகத் தோன்றுகிறது. இரண்டாவதில் அவனே ஆள்பவனாகி, இரவு பகலாகச் சுரங்கத்தை இயக்குகிறான். மக்களுக்கு வீடு கட்டித் தந்தாலும் தங்கம் அவன் ஒருவனுக்கே சேர்கிறது. விடுவித்தவன் உடைமையாளனாக மாறும் இம்முரணைப் படம் தொட்டுக் காட்டினாலும், தாய்க்குக் கொடுத்த வாக்கு என்னும் உணர்வால் அதை மூடிவிடுகிறது. உழைப்பாளர் கூட்டமும் முதல் அத்தியாயத்தில் தனித்தனி முகங்களோடும் துயரங்களோடும் வருகிறது. இரண்டாவதில் நாயகனைப் போற்றும் திரளாகச் சுருங்கிவிடுகிறது.

வடிவத்திலும் இவ்வேறுபாடு தெரிகிறது. முதல் அத்தியாயம் ஓரிடத்தில் நிலைத்துப் பதற்றத்தை மெல்லக் கூட்டுகிறது. இரண்டாவது துபாய், தில்லி, நடுக்கடல் என விரிந்து, உச்சக்காட்சிக்கு நிகரான காட்சிகளை அடுத்தடுத்து அடுக்குகிறது. வணிக அளவில் இரண்டாவதே பெருவெற்றி பெற்று ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. முதலாவதோ 200 கோடி ரூபாயைக் கடந்த முதல் கன்னடப் படம் என்னும் பெயரோடு, கன்னடத் திரையுலகுக்கு நாடு தழுவிய சந்தையைத் திறந்து வைத்தது.

திரைக்கதையும் தங்கவயலின் மெய்வரலாறும்

இரு அத்தியாயங்களும் ஒன்றுபடும் இடம் வரலாற்றை நீக்கிவிடுவதில் உள்ளது. படம் தங்கம் கண்டறியப்பட்டதாகக் கூறும் 1951இல் தங்கவயலின் நவீனச் சுரங்கத் தொழிலுக்கு எழுபதாண்டு வயதாகியிருந்தது. கதை நிகழும் காலத்துக்குள்ளேயே, 1965இல், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகமும் இணைந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களின் தடத்தைப் பதிவு செய்தன. கதையின் உச்சப்பகுதி நிகழும் காலத்தில் மெய்யான சுரங்கங்கள் நலிந்துவரும் பொதுத்துறை நிறுவனமாக இருந்தன.

மெய்யான தங்கவயலில் சுரண்டல் சங்கிலியாலும் துப்பாக்கியாலும் மட்டும் நடைபெறவில்லை. ஒப்பந்தக்காரர், கூலி, கைரேகை, வாயிற்சோதனை என்னும் நிர்வாக முறைகளின் வழியாகவே அது நடந்தது. தொழிலாளரும் மீட்பன் ஒருவனுக்காகக் காத்திராமல் சங்கம் அமைத்துப் போராடினர். ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் என விரியும் ஊரின் அன்றாட மொழியாகிய தமிழுக்கும் நராச்சியில் தனி இடமில்லை. தொடரின் தமிழ்த் தொடர்பு வேறு வகையில் அமைந்தது: சண்டைக் காட்சிகளை அமைத்த அன்பறிவு என்னும் இரட்டையர் தமிழர்கள், தமிழ்ப் பதிப்பின் முதல் அத்தியாயத்தை விஷால் பிலிம் பேக்டரியும், இரண்டாவதை ட்ரீம் வாரியர் பிக்சர்ஸும் வெளியிட்டன.

விருதுகளும் தாக்கமும்

முதல் அத்தியாயம் 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சண்டைப்பயிற்சிக்கும் சிறப்புக் காட்சி விளைவுகளுக்கும் விருது பெற்றது. இரண்டாவது, 70ஆவது விருதுகளில் சிறந்த கன்னடப் படமாகத் தேர்வானதுடன் சண்டைப்பயிற்சிக்கான விருதையும் பெற்றது. இதன்பின் பிரசாந்த் நீல் இயக்கிய சலார் (2023) என்னும் தெலுங்குப் படமும் தொடக்கத்திலேயே முதல் பாகம் என்னும் அறிவிப்போடு வெளியாயிற்று. இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் மூன்றாவதற்கான குறிப்பும் இடம்பெற்றது.

தொடர் விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தமிழில் பா. இரஞ்சித்தின் தங்கலான் (2024) வேறொரு முனையிலிருந்து அணுகியது. விக்ரம் நடித்த அப்படம், வடஆற்காட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கம் தேடி ஆங்கிலேயனோடு புறப்படும் 19ஆம் நூற்றாண்டுப் பயணத்தை மாயப்புனைவு கலந்து சொல்கிறது. அப்படமும் நேரடி வரலாறன்று. எனினும் தங்கத்தைத் தோண்டியவர் யார், அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்னும் வினாக்களே அதன் கதையை நடத்துகின்றன. கே.ஜி.எஃப். தொடரின் இரு அத்தியாயங்களிலும் தங்கம் யாருக்குச் சொந்தம் என்னும் வினா மட்டுமே எழுகிறது. கருடனிடமிருந்து ராக்கிக்கும், ராக்கியிடமிருந்து கடலுக்கும் அது கைமாறும்போது தோண்டியவர்கள் எக்கட்டத்திலும் உரிமையாளராகக் கருதப்படுவதில்லை. இரு அத்தியாயங்களுள் எதை உயர்ந்ததாகக் கொண்டாலும், இவ்வகையில் அவை ஒரே கதையின் இரு பகுதிகளாகவே நிற்கின்றன.