அருவங்காட்டு வெடிமருந்தும் என் தங்கச்சி நகமும்

தலைப்பைப் பாத்து மிரண்டுடாதீங்க மக்களே. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் வீட்டுக் கதை.

போன தீபாவளி லீவுக்கு பள்ளிகொண்டா போயிருந்தேன். தங்கச்சி ஆன்லைன்ல ஜெல் நெயில் பாலிஷ் செட் ஒண்ணு வாங்கி வெச்சிருந்தா. மூணு பாட்டில், கூடவே கம்ப்யூட்டர் மவுஸ் சைஸுக்கு ஒரு குட்டி விளக்கு. ஹால்ல உக்காந்து பூசறதும், விளக்குக்கு அடியில விரலை நீட்டறதும், மறுபடி பூசறதுமா இருந்தா. கடைக்குப் போயிட்டு வந்த அப்பா வாசல்லயே நின்னு மூக்கை உறிஞ்சினார்.

"தின்னர் வாசனையே வரலையே பாப்பா, அப்புறம் இது எப்படிம்மா காயும்?"

வேற யாராவது கேட்டிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன். எங்கப்பா ஆம்பூர் பக்கம் ஒரு டேனரியில இருபத்திரெண்டு வருஷம் ஃபினிஷிங் செக்‌ஷன்ல ஸ்ப்ரே அடிச்சவர். சின்ன வயசுல அம்மாவோட நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தா எனக்கு அப்பா வாசனைதான் வரும். அது ஏன்னு இன்ஜினியரிங் படிச்சும் யோசிச்சதில்லை. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் தெரிஞ்சது: ரெண்டு வாசனையும் ஒரே குடும்பம்.

குடும்பத் தலைவர் பேரு நைட்ரோசெல்லுலோஸ். 1846-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து வேதியியல் பேராசிரியர் ஷோன்பைன், பஞ்சை நைட்ரிக் அமிலமும் சல்ஃப்யூரிக் அமிலமும் கலந்ததுல ஊற வெச்சார். பார்க்க பஞ்சு மாதிரியேதான் இருந்தது, பத்த வெச்சா புகையே இல்லாம பக்குனு போச்சு. வெடிமருந்துக்காரங்க விடுவாங்களா? நம்ம நீலகிரியில நூறு வருஷத்துக்கு மேலா இருக்கே அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி, அங்க செய்யற கார்டைட்டுக்கும் இதுதான் மூலப்பொருள். பழைய சினிமா ஃபிலிம் சுருள் செஞ்சதும் இதுலதான். பெட்டிக்குள்ளேயே மக்கியும் எரிஞ்சும் போன ஊமைப் படங்கள் உலகம் பூரா ஏராளம்.

இதையே நைட்ரஜன் கம்மியா செஞ்சு, எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் மாதிரி சீக்கிரம் ஆவியாகற திரவத்துல கரைச்சா லாக்கர். பூசினதும் திரவம் பறந்துடும், பளபளன்னு ஒரு படலம் தங்கும். 1920-கள்ல அமெரிக்காவுல கார் பெயிண்ட்டா வந்து, வாரக்கணக்குல காஞ்சதை மணிக்கணக்குக்குக் கொண்டு வந்துச்சு. அதே சரக்குதான் நகத்துக்கும் ஏறிச்சு. 1932-ல் ரெவ்லான் கம்பெனி ஆரம்பிச்சதே நெயில் பாலிஷை வெச்சுத்தான். படலம் விரிசல் விடாம இருக்க கற்பூரம் சேர்ப்பாங்க. ஆமாங்க, சாமிக்குக் காட்டற அதே கற்பூரம்.

சரி, தோலுக்கு எப்ப வந்துச்சு? எங்க பாலாத்தங்கரைப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல ஆவாரம்பட்டையில ஊறப் போட்ட தோலை அப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பிடுவாங்க. 'ஈஸ்ட் இந்தியா' தோல்னு அதுக்குப் பேரு. பளபளப்பு ஏத்தறதும் லாபம் பாக்கறதும் அங்க இருக்கறவன். 1972-ல் சீதாராமையா கமிட்டி சொன்னதை வெச்சு அரசாங்கம் கச்சாத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டுச்சு. முழுசா முடிச்ச தோலாவோ, ஷூவாவோ அனுப்புங்கன்னாங்க. அதுக்கப்புறம்தான் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைல ஃபினிஷிங் செக்‌ஷன் பெருகி, எங்கப்பா மாதிரி ஆளுங்க கையில ஸ்ப்ரே கன் வந்துச்சு. (அதோட பாலாறு என்னாச்சு, 1996-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுங்கறது தனி சோகக் கதை. இன்னொரு நாள் எழுதறேன்.)

தோலுக்கும் முதல்ல பேஸ் கோட், அப்புறம் கலர், கடைசியா லாக்கர் டாப் கோட். தங்கச்சி வரிசையா வெச்சிருந்த மூணு பாட்டிலைப் பாத்துட்டு அப்பா, "எங்க லைனை அப்படியே இறக்கிட்டாங்களே"ன்னார். :-)

வரிசைதான் அதே. சரக்கு வேற. ஜெல் வந்த வழி பல் டாக்டர் வழி. 1954-ல் ஃப்ரெட் ஸ்லாக்ங்கற அமெரிக்கப் பல் டாக்டர் தன்னோட உடைஞ்ச நகத்தைப் பல்லுக்கு வெக்கற அக்ரிலிக்கால ஒட்ட வெச்சாராம். 1980-கள்ல புற ஊதா ஒளியில இறுகற ஜெல் வந்துச்சு. 2010-ல் ஷெல்லாக்ங்கற பேர்ல, பாட்டில்லேர்ந்து பிரஷ்ஷால பூசி அசிட்டோன்ல ஊற வெச்சு எடுக்கற ரகம் வந்தப்புறம்தான் பார்லர் எல்லாம் இது பரவுச்சு.

அப்பாவுக்குச் சொன்னேன், "இது காயறதே இல்லப்பா. எதுவும் பறக்கறதில்ல. விளக்கு பட்டதும் உள்ள இருக்கற மூலக்கூறெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்குது."

கொஞ்ச நேரம் யோசிச்சார். "கை கோக்காம மிச்சம் நின்னுச்சுன்னா?"

இருபத்திரெண்டு வருஷ அனுபவம்யா அது. நான் படிச்ச அத்தனை பக்கத்துக்கும் சாரம் அந்தக் கேள்விதான். விளக்கு சரியில்லைன்னாலோ பூச்சு தடிமனா போச்சுன்னாலோ, இறுகாத அக்ரிலேட் மிச்சம் இருக்கும். நகத்தைத் தாண்டி சதையில பட்டுட்டே இருந்தா அலர்ஜி. முக்கியமா ஹெமாங்கற பொருள். ஒரு தடவை உடம்பு அதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா பெரும்பாலும் மாத்திக்காது. பல் அடைக்கற பசையிலயும் அதே ஹெமா உண்டுங்கறதுதான் வில்லங்கம். ஐரோப்பாவுல 2020-ல் போட்ட விதிப்படி ஹெமா இருக்கற நெயில் சரக்கை தொழில் தெரிஞ்சவங்கதான் பூசணும். விளக்கு பட்டதும் வேலையை ஆரம்பிச்சு வைக்கற டிபிஓங்கற பொருளை 2025 செப்டம்பர்லேர்ந்து அழகு சாதனங்கள்ல தடையே பண்ணிட்டாங்க.

இதெல்லாம் நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள தங்கச்சி மூணாவது தடவை பூசியிருந்தா. நகத்தைச் சுத்தி சிவந்து, அரிச்சு, விரல் நுனி உரிஞ்சு போச்சு. வேலூர்ல தோல் டாக்டர் பாத்துட்டு (எங்க பக்கம் தோல் டாக்டர்னா ரெண்டு அர்த்தம்), களிம்பு குடுத்து, "இனிமே பல்லுக்குப் போனா இதைச் சொல்லிடும்மா"ன்னார்.

அன்னிக்கு ராத்திரி அப்பா அவ கையை வாங்கி விளக்குக்குக் கீழ வெச்சு ரொம்ப நேரம் பாத்தார். பக்கத்துல அவர் கை. அந்தக் காலத்துல க்ளவுஸ் கிடையாது, தின்னர்லயே கை கழுவுவாங்க. விரல் நுனி எல்லாம் வெடிப்பு.

"எனக்குச் சம்பளம் குடுத்தான்மா. நீ காசு குடுத்து வாங்கியிருக்க"ன்னார்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில பக்கத்து வீட்டுக் கொல்லையில மருதாணி பறிச்சுட்டு வந்துட்டாங்க. புண்ணு ஆறட்டும்னு அப்பாதான் தடுத்தார்.